வெள்ளம் வரும்போது யார் யாரைக் கேட்பது? (திருகோணமலை மாவட்டம்)

கொட்டியாரக்கரை (மூதூர்)

ஐப்பசி பிறந்துவிட்டது. இன்னும் சில கிழமைகளில் மழை பிடித்துவிடும். அதற்கு முதல் ஒரு விஷயத்தை எல்லோருமாகக் கதைக்க வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு பாடசாலை இடைத்தங்கல் முகாமாக இருந்தது. நான் தொண்டராக நின்றேன். முதல் நாள் இரவு பத்து மணிக்கு வாசலில் மூன்று பேர் மூன்று கொப்பிகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குடும்ப அட்டைப்படி எழுதினார். இன்னொருவர் தலைக்கணக்கு எடுத்தார். கேற்றில் நின்றவர் உள்ளே போகிறவர்களை எண்ணினார். மூன்றும் மூன்று கணக்கு. அடுத்த நாள் மதியம் மூன்று இடத்திலிருந்து சாப்பாட்டுப் பார்சல் வந்து மிஞ்சிப் பழுதாகிப் போனது. இரவுக்கு ஒன்றுமில்லை. மற்றவர் கொண்டுவருவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் விடியற்காலையில் ஒரு தாய்க்கு வயிற்று நோவு தொடங்கியது. நிறைமாதம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். இடம் கேட்டார்கள். எங்களில் ஒருவர் பதற்றத்தில் "பள்ளிவாசலடி" என்றார். இந்தக் கரையில் எத்தனை பள்ளிவாசலடி இருக்கிறது! அம்புலன்ஸ் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வேறொரு இடத்தில் போய் நின்றது. சரி, வள்ளத்தில் ஏற்றுவோம் என்றால் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. கடையில் இருந்தது, ஆனால் யாருடைய கணக்கில் தருவது என்று கடைக்காரர் கேட்டார். அதையும் கையில் இருந்த காசைச் சேர்த்து வாங்கினோம். அப்புறம் வள்ளக்காரர் மேலே பார்த்தார். தண்ணீர் அவ்வளவு உயரத்தில் நின்றதால் மின்கம்பி தலைக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கரண்ட் நிறுத்தியாயிற்றா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர் போகமாட்டேன் என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

நாலு மணித்தியாலம். தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள், இறைவன் காத்தான். ஆனால் அந்த நாலு மணித்தியாலமும் என் மனதை விட்டுப் போகவில்லை. அம்புலன்ஸ்காரர் தன் வேலையைச் செய்தார். கொப்பியோடு நின்றவர்கள் தூங்கவே இல்லை. ஒருவரும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கைக்குக் கொடுக்கும் வேலைதான் ஒருவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. அது யாருடைய வேலை? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வு_எழுதுவினைஞர் (திருகோணமலை)

தம்பி, சட்டப்படி அதற்கு ஆள் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 வரைக்கும் எங்கள் நாட்டில் அனர்த்தம் என்றால் வந்த பிறகு நிவாரணம் கொடுப்பது என்ற அளவில்தான் பெரும்பாலும் ஏற்பாடு இருந்தது. சுனாமிக்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன்படி ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசிய பேரவை, அதற்குக் கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையம். 117 என்று அடித்தால் போவது அங்கேதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் அதன் அலகு ஒன்று உண்டு. மாவட்டக் குழுவுக்கு அரசாங்க அதிபர் தலைமை, பிரதேசத்தில் பிரதேச செயலாளர், கிராமத்தில் கிராம உத்தியோகத்தர். எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் கீழே வேலை செய்கிறவர்கள் ஒரே திணைக்களத்துக்காரர் இல்லை. மழையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று மட்டத்தைச் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம். கம்பியை நிறுத்துவது மின்சார சபை. முகாமில் கிணற்றுக்குக் குளோரின் போடுவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பாடசாலையைத் திறப்பது கல்வித் திணைக்களம். நிவாரணக் காசுக்கு இன்னொரு நிலையம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேலதிகாரி, தனித்தனிச் சுற்றறிக்கை, தனித்தனி வாகனம். அரசாங்க அதிபர் எல்லோரையும் கூட்டலாம். ஆனால் மின்சார சபையின் பொறியியலாளருக்கு அவர் மேலதிகாரி இல்லை. ஆகவே இந்த வேலை கட்டளையால் நடப்பதைவிடப் பழக்கத்தாலும் முகம் தெரிந்ததாலும்தான் அதிகம் நடக்கிறது.

அந்த முகம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் முன்பு வேறொரு மாவட்டத்தில் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் அவசரத் தொலைபேசிப் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். ஒருநாள் தேவைப்பட்டு எடுத்துப் பார்த்தால் பாதிப்பேர் இடமாற்றமாகிப் போய்விட்டார்கள். ஒருவர் காலமாகிவிட்டார். கூட்டத்துக்கு இந்த முறை வந்தவர் அடுத்த முறை வரமாட்டார், தனக்கு அடுத்தவரை அனுப்புவார். அவர் குறிப்பெடுத்துக்கொண்டு போவார், முடிவு சொல்லமாட்டார். நீங்கள் சொன்ன நாலு மணித்தியாலம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

துறைமுக_வீதி

இவ்வளவு பேரை ஏன் கூட்டிக்கொண்டிருக்க வேண்டும்? கிழக்குக் கடற்படைத் தலைமையகம் எங்கள் ஊரில். விமானப்படைத் தளம் சீனக்குடாவில். போட், ஹெலி, வயர்லெஸ், பயிற்சி எடுத்த ஆட்கள் எல்லாம் அவர்களிடம்தான். எச்சரிக்கை வந்த நிமிடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துவிட்டால் கட்டளை ஒன்று, பதில் ஒன்று.

2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்ததை நினைத்துப் பாருங்கள். சங்கமன்கண்டிக்கு வெளியே நடுக்கடல். குவைத்திலிருந்து இந்தியாவுக்குப் போன மசகெண்ணெய், ஏறக்குறைய 2,70,000 தொன். எங்கள் கடற்படை, விமானப்படை, இந்தியக் கரையோரக் காவல்படை, இந்தியக் கடற்படை, துறைமுக அதிகார சபை என்று எத்தனை பேர். அணைத்த நெருப்பு திரும்பவும் மூண்டது, திரும்பவும் அணைத்தார்கள். 23 மாலுமிகளில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியாமல் போனது. எண்ணெய்த் தாங்கி வெடித்திருந்தால் கிழக்குக் கரை முழுவதும் என்னவாகியிருக்கும்! அங்கே நடந்தது ஏன் மூதூரில் நடக்கக்கூடாது?

சாம்பல்தீவு_வள்ளம்

தம்பி, கடற்படைப் பொடியன்கள் தண்ணீரில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவன் நான். தயங்காமல் குதிப்பார்கள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நடுக்கடலில் எரிகிற கப்பலுக்குள் இருந்தவர்கள் 23 பேர், அவர்களின் பெயர்ப்பட்டியல் ஒரு தாளில் இருந்தது. கிராமம் அப்படியில்லை. எந்த வீட்டில் கட்டிலோடு கிடக்கிற கிழவி இருக்கிறாள், எந்த வீட்டுக்காரர் மாட்டை விட்டுவிட்டு வரமாட்டார் என்று வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்று மொழி. நாங்கள் "முகத்துவாரம்" என்கிறோம், "துறையடி" என்கிறோம், கட்டை (மைல்) கணக்கில் இடம் சொல்கிறோம். வருகிறவர் கையில் இருக்கிற வரைபடத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. வயர்லெஸில் போவது சிங்களம். ஒருமுறை நான் போட்டில் ஏறி முன்னால் இருந்து கையைக் காட்டித்தான் வழி சொன்னேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். "நீங்கள் இறங்கவேண்டாம், கடைசி வரைக்கும் எங்களோடு இருங்கள்" என்று சைகையில் கேட்டார். அன்று ஆறு வீடு பார்த்தோம். நான் இல்லாவிட்டால் இரண்டு வீடுதான் பார்த்திருப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் ஒன்றுகூடப் பார்த்திருக்க முடியாது, அந்த இழுவையில் என் வள்ளம் நின்றிருக்காது. ஒவ்வொரு மீட்பு போட்டிலும் ஊர்க்காரர் ஒருவர் ஏற வேண்டும். அதை யார் என்று முதலே எழுதி வைக்க வேண்டும். என்னுடைய ஒரே கோரிக்கை இதுதான்.

2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில் பாதை (ஆட்களை ஏற்றிக் கடத்தும் மிதவை) கவிழ்ந்த காலையை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்குப் போன பிள்ளைகள். முதலில் தண்ணீரில் குதித்தது கரையில் நின்றவர்கள். கடற்படையினர் அதன் பிறகு வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு விரைவாக வந்தாலும் முதல் சில நிமிடங்கள் ஊரின் கையில்தான்.

மண்ணெண்ணெய்ப் பேச்சு எடுத்தீர்களே, அது உண்மை. வள்ளம் கொடு என்பார்கள். கொடுப்போம். எண்ணெய்க்கு யார் பொறுப்பு என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள். கடன் வாங்கி ஓடுகிற தொழில் இது.

தூரதேசி (மன்செஸ்டர், சொந்த இடம் உப்புவெளி)

நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். காசும் கருவியும் பயிற்சியும் இருக்கிற நாட்டில் இது எப்படிப் பிழையாகிப் போனது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

2017 மே 22 இரவு இந்த நகரத்தின் அரங்கில் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். தீயணைப்பு நிலையம் பக்கத்தில்தான். வந்து சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வீரர்கள் பயந்து நிற்கவில்லை, அவர்கள் போகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். பொலிஸ் அதிகாரி ஒருவர் துப்பாக்கிதாரி இருக்கலாம் என்று ஒரு விசேட நிலையை அறிவித்தார். அப்படி அறிவித்ததை மற்றச் சேவைகளுக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தொலைபேசி எடுத்தவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. எல்லோரும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும் என்று விதி இருந்தது, ஒவ்வொரு சேவையும் வேறு வேறு இடத்தில் கூடியது. பின்னர் நடந்த பொது விசாரணை இதையெல்லாம் வரிவரியாக எழுதியது. இறந்தவர்களில் ஒருவர், நேரத்துக்கு உதவி கிடைத்திருந்தால், பெரும்பாலும் உயிர் தப்பியிருப்பார் என்றும் சொன்னது. வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்று சேவைகளும் சேர்ந்து வேலை செய்யும் திட்டம் ஒன்றை அவர்கள் 2012இலேயே தொடங்கியிருந்தார்கள். ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த இரவு அது கைகொடுக்கவில்லை.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. முதலில் போய்ச் சேருகிறவர், எந்தச் சேவையாக இருந்தாலும், ஒரே ஒழுங்கில் செய்தி அனுப்ப வேண்டும். இது பெரிய சம்பவமா, சரியான இடம் எது, என்ன வகை, அங்கே என்ன ஆபத்து இருக்கிறது, எந்த வழியால் வரலாம், எத்தனை பேர் பாதிப்பு, இன்னும் யார் தேவை. மூதூர்க்காரர் சொன்ன கதையை இதில் போட்டுப் பாருங்கள். பள்ளிவாசலடிக்குப் பதில் சரியான இடம், ஆபத்து என்ற இடத்தில் மின்கம்பி, வழி என்ற இடத்தில் வள்ளம். ஒரே அழைப்பில் எல்லாம் போயிருக்கும்.

துறைமுக வீதித் தம்பிக்கு ஒரு சொல். ஒரே கட்டளை என்பதை அமெரிக்காவில் தீயணைப்புக்காரர்கள்தான் முதலில் ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள், 1970இல் கலிபோர்னியாக் காடுகள் எரிந்த பிறகு. அப்போது வண்டிக்கோ ஆளுக்கோ குறைவில்லை. ஒரே பொருளுக்கு ஒவ்வொரு திணைக்களமும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது, ஒருவர் ரேடியோ மற்றவருக்குக் கேட்காது. அவர்கள் கண்ட தீர்வில் ஒரு தலைவர் என்பது சின்னச் சம்பவத்துக்கு. பல நிறுவனங்களுக்குச் சட்டப் பொறுப்பு இருக்கிற பெரிய சம்பவத்தில் தலைவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து ஒரே திட்டத்தில் கையெழுத்து வைப்பார்கள். அந்த மேசையை விட்டு எழும்பக்கூடாது.

குளக்கட்டு (கந்தளாய்)

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

1986 ஏப்ரல் 20. கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது விடிவதற்கு முதல், ஊர் நித்திரையில் இருந்த நேரம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அப்போது நான் இளைஞன். குளக்கட்டில் கசிவு, ஊருக்கு எச்சரிக்கை என்ற இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அன்று படித்தேன், அதன் பிறகு வேலைக்காலம் முழுக்க அதை மறக்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு விசேடம் உண்டு. மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்து வெள்ளம் பல நேரம் எங்கள் மழையால் மட்டும் வருவது இல்லை. மலைநாட்டில் பெய்தது மகாவலியால் இறங்கி, பொலன்னறுவையில் மனம்பிட்டியைத் தாண்டி, எங்களிடம் வர நேரம் எடுக்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். "ஐயா, வானம் வெளுத்துவிட்டதே, ஏன் எழும்பச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனம்பிட்டியில் அளவுகோலைப் பார்க்கிறவருக்குத் தெரியும், இன்னும் எவ்வளவு வரும் என்று. அந்த எண் கொழும்புக்குப் போய், மாவட்டத்துக்கு வந்து, பிரதேச செயலகத்துக்கு இறங்கி, கிராம உத்தியோகத்தர் கைக்கு வரும்போது "தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்று ஆகிவிடும். எந்தத் தாழ்நிலம்? எந்த ஒழுங்கை? எத்தனை மணிக்கு?

நானும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். பழைய வெள்ளங்களில் தண்ணீர் எங்கே வரைக்கும் நின்றது என்று கிழவர்களைக் கேட்டு மதகுச் சுவரிலும் கோயில் மதிலிலும் பெயின்ரால் கோடு போட்டோம். அப்புறம் அந்தந்த நாட்களில் மனம்பிட்டியில் என்ன மட்டம் இருந்தது என்று பழைய பதிவில் தேடி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினோம். இப்போது எண் வந்தால் ஊர்க்காரர் தாமே சொல்வார், "அப்படியென்றால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும்." திணைக்களத்தின் மொழி ஊரின் மொழியாக மாறியது அந்தக் கோட்டில்தான். ஒரு பெயின்ற் ரின், இரண்டு கிழமை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது இது எல்லா ஊரிலும் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து வேதனைப்பட்டேன்.

வெருகல்_அதிபர்

ஐயா சொன்ன கோடு எங்கள் பாடசாலை மதிலிலும் போட வேண்டும். வந்து காட்டித் தருவீர்களா?

ஒரு சின்ன விஷயத்தை நானும் சொல்கிறேன். முகாம் திறப்பது என்று முடிவெடுக்கிறவர்கள் பலர். பாடசாலைப் பூட்டின் திறப்பு (சாவி) இருப்பது அதிபரிடம். விடுமுறைக் காலத்தில் அதிபர் ஊரில் இருக்கமாட்டார், பலர் பட்டினத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து போகிறவர்கள். பூட்டை உடைத்துத் திறந்த முகாம்களை எனக்குத் தெரியும். உடைத்தது பிழையில்லை. ஆனால் பூட்டு உடைந்த பாடசாலையில் ஆய்வுகூடமும் திறந்தே கிடக்கும், அமிலப் போத்தல்கள் இருக்கிற அறை, பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

மலசலகூடம் இன்னொன்று. நூறு பிள்ளைகள் பகலில் பாவிக்கக் கட்டியது. அதில் முந்நூறு பேர் இரவும் பகலும் என்றால் இரண்டாம் நாளே நிரம்பிவிடும். குழியை இறைக்கும் வண்டி பிரதேச சபையிடம். கேட்க வேண்டியவர் பொதுச் சுகாதார பரிசோதகர். அவரைக் கூப்பிட வேண்டியவர் யார் என்று கேட்டால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

கங்கைக்கரை (கிண்ணியா)

நான் குடும்ப நல உத்தியோகத்தர், ஊரில் சொல்கிற மருத்துவமாது. முதலாவது பதிவில் வந்த அந்தத் தாயைப் போல எத்தனையோ பேரைக் கண்டவள்.

சுனாமி அன்று கிண்ணியா வைத்தியசாலையே கடலோடு போனது. நோயாளி போகவேண்டிய இடமே நோயாளியாகிவிட்டது. அப்போது கிண்ணியாவுக்குப் பாலமும் இல்லை, பாதையால்தான் பட்டினத்துக்குப் போக வேண்டும். பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்குக் கொப்பிகள்தான் ஞாபகம் வரும். தண்ணீரோடு போன பதிவேடுகள்.

என் பதிவேட்டில் என் பிரிவில் இருக்கிற ஒவ்வொரு கர்ப்பிணித் தாயும் இருக்கிறார். பிள்ளை பிறக்கப்போகும் திகதி இருக்கிறது. யாருக்கு அழுத்தம், யாருக்கு முதல் பிள்ளை சத்திரசிகிச்சை என்று எல்லாம் இருக்கிறது. மழை வருகிறது என்று மூன்று நாள் முன் எனக்குச் சொன்னால் "இந்த நாலு பேரை இன்றைக்கே வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று நானே போய்ச் சொல்லிவிடுவேன். வள்ளமும் வேண்டாம், ஹெலியும் வேண்டாம், ஓட்டோ போதும். அந்த நாலு மணித்தியாலம் நடந்திருக்கவே தேவையில்லை. என்னை யாரும் கேட்பதில்லை. மாவட்டக் கூட்டத்துக்கு எங்கள் மேலதிகாரி போவார், அவர் போவதுதான் முறை. ஆனால் கொப்பி என்னிடம் இருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போகிறவர்கள், வலிப்பு மருந்து எடுக்கிற பிள்ளைகள். இவர்கள் பெயர் வைத்தியசாலைக் கிளினிக்கில் இருக்கிறது. எத்தனை வள்ளம், எத்தனை குதிரைவலு என்று கடற்றொழில் பரிசோதகரிடம் இருக்கிறது. கட்டிலில் கிடக்கிற முதியவர்கள் கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும். கிணறுகள் சுகாதார பரிசோதகருக்குத் தெரியும். பட்டியல் இல்லை என்று புதிதாக எழுதத் தொடங்குகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். எல்லாப் பட்டியலும் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசை லாச்சியில்.

துறைமுக_வீதி

அக்கா, அப்படியென்றால் உங்கள் பதிவேட்டை ஒரு பிரதி எடுத்து முகாமில் கொடுத்துவிடலாமே? எல்லாப் பட்டியலையும் ஒரு கணினியில் ஏற்றிவிட்டால் முடிந்தது.

கங்கைக்கரை (கிண்ணியா)

இல்லைத் தம்பி, அது முடியாது. அதில் கருச்சிதைவு இருக்கிறது, குடும்பக் கட்டுப்பாடு இருக்கிறது, வீட்டில் அடிபடுகிற பெண்கள் என்னிடம் மட்டும் சொன்னவை இருக்கின்றன. முகாம் வாசலில் எவர் கையிலாவது அந்தக் கொப்பி இருந்தால் அடுத்த வருடம் ஒரு பெண்ணும் என்னிடம் வாய் திறக்கமாட்டாள். பட்டியலைக் கேட்காதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். நான் மேசையில் வந்து இருப்பேன், "இந்த ஒழுங்கையில் இரண்டு பேரை முதலில் எடுக்க வேண்டும்" என்று சொல்வேன். ஏன் என்று கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

துறைமுக_வீதி

விளங்குகிறது. நான் அதை யோசிக்கவில்லை. என் பக்கத்தில் ஒன்றை மட்டும் விடமாட்டேன். மேசையில் பத்துப் பேர் இருந்தாலும், இழுபறி வந்தால் "இதைச் செய்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு நடத்த முடியாது.

ஓய்வு_எழுதுவினைஞர் (திருகோணமலை)

அது சரியான பேச்சு. அந்த ஒருவர் பிரதேச செயலாளர். அவருக்கு அந்த இடத்தை நடைமுறை கொடுக்கிறது. படை வந்தாலும் சிவில் நிர்வாகத்துக்கு உதவியாகத்தான் வருகிறது, ஆட்சி செய்ய இல்லை. எங்கள் மாவட்டத்தின் கதையில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று வயதானவர்களுக்குத் தெரியும். சீருடையைக் கண்டு கதவைச் சாத்திய காலம் இன்னும் சிலர் மனதில் இருக்கிறது. ஊரவர் ஒருவர் போட்டில் முன்னால் இருக்க வேண்டும் என்று சாம்பல்தீவு அண்ணன் சொன்னது அதற்காகவும் நல்லது.

2020 டிசம்பர் 2 புரெவிப் புயல் வந்த இரவைச் சொல்கிறேன். எங்கள் வடக்குக் கரையில், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. கொரோனாக் காலம் வேறு. ஒரு பக்கம் ஆட்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், மறு பக்கம் சேர்க்கக்கூடாது. இரண்டு அறிவுறுத்தலும் சரி, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். அதைத் தீர்த்தது எழுத்தில் வந்த எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. சுகாதாரத்தில் ஒருவரும் நிர்வாகத்தில் ஒருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஒரு வகுப்பறைக்கு எத்தனை குடும்பம் என்று கணக்குப் போட்டார்கள். பயந்த அளவுக்குச் சேதம் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் "சும்மா அலைக்கழித்தார்கள்" என்று பேசியவர்களையும் கேட்டேன். 1964, 2000 புயல்களைக் கண்டவர்கள் அப்படிப் பேசவில்லை.

கொட்டியாரக்கரை (மூதூர்)

நான் இந்த இழையைத் தொடங்கியபோது யாரோ ஒரு அதிகாரியின் பெயர் பதிலாக வரும் என்று நினைத்தேன். இப்போது என் கேள்வி மாறிவிட்டது. பிரதேச செயலாளரிடம் போய் "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று மனுக் கொடுப்பதைவிட, மழைக்கு முதல் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் இன்னின்னாரை ஒரே மேசைக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். மருத்துவமாது, கிராம உத்தியோகத்தர், கடற்றொழில் சங்கச் செயலாளர், மின்சார சபையில் கம்பியை நிறுத்தக்கூடியவர், அதிபர், சுகாதார பரிசோதகர், பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கி வைத்திருக்கிறவர்கள், கடற்படையில் எங்கள் பக்கத்துக்கு வரப்போகிற அந்த அதிகாரி. மேலதிகாரிகள் இல்லை, அந்த இரவு உண்மையில் தண்ணீரில் நிற்கப்போகிறவர்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் நடுவில். முகாம் வாசலில் ஒரே கொப்பி, அதை யார் எழுதுவது என்று அன்றைக்கே முடிவு. மண்ணெண்ணெய் எந்தக் கடையில், யாருடைய கையெழுத்தில் என்றும் அன்றைக்கே.

எழுதுவினைஞர் ஐயா, அந்த மண்ணெண்ணெய்க் கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவீர்களா?

ஓய்வு_எழுதுவினைஞர் (திருகோணமலை)

எழுதித் தருகிறேன். வாய்ப்பேச்சில் விட்டால் கணக்காய்வில் அந்த அதிகாரிதான் மாட்டிக்கொள்வார். அதனால்தான் இரவில் கையெழுத்து வைக்கப் பயப்படுகிறார்கள். முதலே எழுத்தில் இருந்தால் பயம் இல்லை. எத்தனை லீற்றர், எந்த வள்ளம், பதிவு இலக்கம், திரும்பக் கணக்குக் கொடுப்பவர் யார் என்று இருக்க வேண்டும்.

சாம்பல்தீவு_வள்ளம்

பதிவு இலக்கங்களை நான் சேர்த்துத் தருகிறேன். எங்கள் பக்கத்து வள்ளங்கள் உங்கள் பக்கத்துக்கு உதவாது, ஆனால் மூதூர்ச் சங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்கிறேன்.

தூரதேசி (மன்செஸ்டர், சொந்த இடம் உப்புவெளி)

ஒன்றை மறக்கவேண்டாம். அந்த மேசை எங்கே என்று எழுதுங்கள். இங்கே அதில்தான் பிழை விட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வசதியான இடத்தில் கூடினார்கள்.

குளக்கட்டு (கந்தளாய்)

அதோடு, ஒரு மேசை போதாது. வெருகல் பக்கம் துண்டிக்கப்பட்டால் மூதூரில் இருக்கிற மேசையால் அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும், இரண்டுக்கும் இடையில் தொலைபேசிக் கோபுரம் விழுந்தாலும் பேசக்கூடிய வயர்லெஸ் ஒன்று வேண்டும். இடம் எதுவாக இருந்தாலும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

வெருகல்_அதிபர்

எங்கள் பாடசாலையின் மேல்மாடி மண்டபம் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அதைத் தருகிறேன், கல்வி வலயத்துக்கு எழுதி அனுமதியும் எடுத்துவிடுகிறேன். திறப்பு இரண்டு செய்வித்தேன். ஒன்று என்னிடம். மற்றது பாடசாலைக்கு எதிர்வீட்டு அம்மாவிடம், அவர் எங்கேயும் போகாதவர். ஆய்வுகூடத்துக்குத் தனிப் பூட்டுப் போட்டாயிற்று. கந்தளாய் ஐயா, பெயின்ரோடு எப்போது வருகிறீர்கள்?

குளக்கட்டு (கந்தளாய்)

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில்.